வண்டு நடனமாடும் திருக்கோளிலி

சோழவள நாட்டில் தியாகேசப் பெருமான் எழுந்தருளியுள்ள ஏழு தலங்களைச் சப்தவிடங்கத் தலங்கள் என்று போற்றுகிறோம். இந்திரனிடமிருந்து முசுகுந்தச் சக்கரவர்த்தி பெற்று வந்த ஏழு திருமூர்த்தங்களும் உளி கொண்டு செதுக்கப்படாதவை. அதனாலேயே விடங்கர் என்ற திருநாமம் அமைந்தது. திருவாரூர், திருநள்ளாறு, நாகைக் காரோணம், திருக்காறாயில், திருக்கோளிலி, திருவாய்மூர், திருமறைக்காடு ஆகிய ஏழும் அத்தலங்கள். தலந்தோறும் பெருமானுக்கு ஒரு நடனம் உண்டு. திருவாரூரில் மூச்சின் அசைவாகிய அசபா நடனம். திருநள்ளாற்றில் உன்மத்த நடனம். திருமறைக்காட்டில் அன்னத்தின் நடையாகிய அம்சபாத நடனம். இவ்வரிசையில் திருக்கோளிலிக்கு உரியது பிருங்க நடனம். பிருங்கம் என்றால் வண்டு. மலருக்குள் புகுந்த வண்டு சுழன்று சுழன்று குடைந்தாடுவது போன்ற ஆடல் அது.

சப்தவிடங்க யாத்திரை செல்லும் அன்பர்கள் பலர் திருவாரூரிலும் திருநள்ளாற்றிலும் நெடுநேரம் தங்கிவிட்டு, மற்ற தலங்களை விரைந்து தரிசித்துத் திரும்புவது வழக்கம். ஆனால் திருக்கோளிலி, நிதானமாக அமர்ந்து சிந்திக்க வேண்டிய தலம். வண்டும் வானத்துக் கோள்களும் ஒரே சந்நிதியில் கூடும் தலம் அது.

கோள் இலி என்னும் ஊர்

இன்று திருக்குவளை என்று வழங்கும் இவ்வூர், நாகப்பட்டினம் மாவட்டத்தில், எட்டுக்குடிக்கும் திருவாய்மூருக்கும் அண்மையில் உள்ளது. திருவாரூரிலிருந்து பேருந்தில் சுமார் ஒரு மணி நேரப் பயணம். வழியெங்கும் வயல்களும் வாய்க்கால்களும் தொடர்ந்து வரும். கடற்கரை நெருங்க நெருங்கத் தென்னையும் புன்னையும் மிகும்.

மூலவர் கோளிலிநாதர். பிரமன் வெண்மணலால் இலிங்கம் அமைத்து வழிபட்டமையால் பிரமபுரீசுவரர் என்னும் பெயரும் உண்டு. அம்பிகையின் திருநாமமோ வண்டமர் பூங்குழலி. மலர் சூடிய கூந்தலில் வண்டுகள் வந்து அமர்ந்திருக்கும் தேவி என்பது பொருள். பெருமானின் நடனத்தில் வண்டு, பெருமாட்டியின் பெயரிலும் வண்டு என்ற இந்தப் பொருத்தத்தை எண்ணியபடியே பிராகாரத்தை வலம் வந்தால், நவகிரக சந்நிதி முன் நம்மை அறியாமல் நின்றுவிடுவோம்.

பொதுவாகக் கோயில்களில் ஒன்பது கிரகங்களும் ஒன்றையொன்று பாராமல் வெவ்வேறு திசை நோக்கி நிற்பதைப் பார்த்திருக்கிறோம். திருவாரூரில் அவை ஒரே வரிசையில் நிற்கின்றன. திருக்கோளிலியிலும் அவை ஒருமுகமாகவே அமைந்துள்ளன. நவகிரகங்கள் இங்கே ஈசனை வழிபட்டுத் தம் குற்றம் நீங்கின என்பது தல வரலாறு. கோள்களால் வரும் தீங்கு இல்லாத இடம் ஆதலால் ஊருக்கே கோளிலி என்று பெயர் வந்தது. அப்பர், சம்பந்தர், சுந்தரர் ஆகிய மூவரும் பாடிய தலம் இது. குண்டையூரில் மலையெனக் குவிந்த நெல்லைத் திருவாரூரில் பரவையாரின் இல்லத்துக்குக் கொண்டு சேர்க்க ஆள் வேண்டுமென்று சுந்தரர் விண்ணப்பித்ததும், சிவபூதங்கள் ஓரிரவில் அதைச் சுமந்து சேர்த்ததும் இத்தலத்தோடு தொடர்புடைய அற்புதமே.

அந்தச் சந்நிதியின் முன் ஒரு மூதாட்டி நின்றுகொண்டிருந்தார். அருகில் பதினெட்டு வயது மதிக்கத்தக்க பேத்தி. மூதாட்டியின் கையில் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய சாதகக் குறிப்பு. தீபாராதனை முடிந்ததும் குருக்களிடம் அதை நீட்டினார்.

"சாமி, இந்தப் புள்ளைக்குச் சனி சரியில்லைன்னு சொல்லிட்டாங்க. ஒம்பது கோயிலுக்கு ஒம்பது பரிகாரம் எழுதிக் கொடுத்திருக்காங்க. கையில அவ்வளவு வசதி இல்லை. எதை முதல்ல செய்யறது?"

குருக்கள் குறிப்பைப் பெற்றுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்.

"பாட்டி, இந்த ஊருக்குப் பழைய பேர் என்ன?"

"திருக்கோளிலி, சாமி."

"அந்தப் பேரையே உங்க பேத்திக்கு விளக்கிச் சொல்லுங்கோ. அதுதான் முதல்ல செய்யவேண்டியது. ஒரு நெய்விளக்கு போதும்."

மூதாட்டி சற்று நேரம் பேசவில்லை. பிறகு பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கிரகமாகச் சுட்டிக்காட்டிப் பெயர் சொல்லத் தொடங்கினார். அந்தப் பெண்ணுக்குச் சூரியனையும் சனியையும் தவிர மற்றவற்றை அடையாளம் காணத் தெரியவில்லை. பாட்டிக்கு ஒன்பதும் தெரிந்திருந்தது. எந்தக் கோளுக்கு எந்தத் தானியம், எந்த நிறம், எந்தக் கிழமை என்று அவர் சொல்லச் சொல்ல, பேத்தி கேட்டுக்கொண்டே நடந்தாள். நாள், கோள், திசை முதலியவற்றை மூத்தவர் இளையவருக்குச் சொல்லித் தரும் இந்த முறை மனித குலத்துக்கு மட்டும் உரியதா? தேனீக்களைப் பற்றிய ஆராய்ச்சிகள் தரும் விடை வியப்பானது.

தேன்கூட்டில் ஒரு நடனம்

ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் 1886-ல் பிறந்தவர் கார்ல் வான் ஃப்ரிஷ் என்னும் அறிஞர். தேனீக்களின் வாழ்வை ஆராய்வதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டவர். 80 வயதைக் கடந்த பின், 1973-ல், அவருக்கு நோபல் பரிசு கிட்டியது. 1940-களில் அவர் கண்டு சொன்னது, தேனீயின் நடனத்தில் பொதிந்திருக்கும் பொருளை.

தேன் நிறைந்த மலர்களைக் கண்டுவந்த தேனீ, கூட்டுக்குள் நுழைந்ததும் சும்மா இருப்பதில்லை. செங்குத்தாகத் தொங்கும் அடையின் மீது நின்று, உடலை இடமும் வலமும் அசைத்துக்கொண்டு ஒரு நேர்கோட்டில் ஓடுகிறது. வட்டமிட்டுத் திரும்பி மீண்டும் அதே கோட்டில் ஓடுகிறது. பார்ப்பதற்கு எட்டு என்ற எண்ணை எழுதுவது போல இருக்கும். மற்றத் தேனீக்கள் நெருங்கி நின்று, தம் உணர்கொம்புகளால் ஆடுகிற தேனீயைத் தொட்டுத் தொட்டு அறிகின்றன. பிறகு அவை புறப்பட்டு, முன்பு ஒருநாளும் காணாத மலர்த்தோட்டத்தின் திசையில் பறந்து செல்கின்றன.

ஆட்டத்தின் கோடு அடையில் நேர் மேல்நோக்கி அமைந்தால், சூரியன் இருக்கும் திசையில் செல்லுங்கள் என்று பொருள். நேர் கீழ்நோக்கி அமைந்தால் சூரியனுக்கு எதிர்த்திசை. மேல்நோக்கிய கோட்டிலிருந்து வலப்புறம் 60 பாகை சாய்ந்தால், சூரியனுக்கு வலப்புறம் 60 பாகை. உடலை அசைத்து ஓடும் நேரம் தொலைவைச் சொல்கிறது. ஒரு விநாடி அசைவு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். கூட்டின் உட்புறமோ இருட்டு. அந்த இருட்டில் ஆடும் தேனீ, வெளியே உள்ள ஆதவனையே ஆதாரமாகக் கொண்டு வழி சொல்கிறது.

மேகம் மூடிய நாளிலும் அது தடுமாறுவதில்லை. வானத்தில் ஒரு சிறு நீலத்துண்டு தெரிந்தால் போதும். அங்கிருந்து வரும் ஒளியின் தன்மையைக் கொண்டே, மறைந்திருக்கும் சூரியனின் இடத்தை அது அறிந்துகொள்ளும். நம் கண்களுக்குப் புலப்படாத ஒளிவேறுபாடு அதன் கண்களுக்குப் புலனாகிறது.

இவ்வளவையும் செய்யும் அதன் மூளை எள்ளின் அளவுகூட இல்லை. மனித மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன; தேனீயின் மூளையில் சுமார் 10 லட்சமே. ஆயினும் தேனீக்களால் நான்கு வரை எண்ண முடிகிறது. ஒன்றும் இல்லாத வெற்றுத்தாள், ஒரு புள்ளி உள்ள தாளைவிடக் குறைந்தது என்று அவை உணர்வதாக 2018-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று காட்டியது. சூனியத்தை ஓர் எண்ணாகக் கொண்டு உலகுக்கு அளித்த நாட்டினராகிய நாம் மகிழ்ந்து கேட்கத்தக்க செய்தி இது.

நாழிகையும் பாகையும்

கார்ல் வான் ஃப்ரிஷின் கண்டுபிடிப்பில் சோதிடம் பயின்றவர்களை நிமிர்ந்து உட்காரவைக்கும் பகுதி ஒன்று உண்டு. சூரியன் ஓரிடத்தில் நிற்பதில்லை அல்லவா? காலையில் பார்த்துவந்த மலர்த்தோட்டத்தைப் பற்றி ஒரு தேனீ கூட்டுக்குள்ளேயே நெடுநேரம் ஆடிக்கொண்டிருந்தால் என்ன நிகழ்கிறது? வெளியே போய்ப் பார்க்காமலேயே, சூரியனின் நகர்வுக்கு ஏற்பத் தன் ஆட்டத்தின் கோணத்தையும் அது மாற்றிக்கொண்டே போகிறது. அதனுள்ளே ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

நம் முன்னோர் ஒரு நாளை 60 நாழிகையாகப் பகுத்தனர். வானவட்டம் 360 பாகை. ஆகவே ஒரு நாழிகைக்கு வானம் 6 பாகை சுழல்கிறது. பன்னிரண்டு இராசிகளில் ஒவ்வொன்றும் சராசரியாக ஐந்து நாழிகையில் கீழ்வானில் உதித்து முடிகிறது. இலக்கினம் கணிப்பதன் அடிப்படை இதுவே. நாழிகை வட்டிலும் பஞ்சாங்கமும் கொண்டு கணிதர் செய்த இந்தக் கணக்கின் ஒரு கூற்றை, தேனீ தன் உடலுக்குள்ளேயே வைத்திருக்கிறது.

இரவுக்கும் அக்கணக்கு நீள்கிறது. வான் ஃப்ரிஷின் மாணவர் மார்ட்டின் லிண்டவர், சில தேனீக்கள் நள்ளிரவில் ஆடுவதைக் கண்டார். அந்த ஆட்டத்தின் கோணம், அந்த நேரத்தில் பூமிக்குக் கீழே சூரியன் இருக்கும் திசையை ஒட்டி அமைந்திருந்தது. நம் நாட்டுக் கோபுரங்களில் பெரிய அடையாகத் தொங்கும் மலைத்தேனீ, நிலவொளியில் இரவிலும் மலர் நாடிப் பறக்க வல்லது. 1980-களில் அதை ஆராய்ந்த ஃபிரெட் டையர் என்ற அறிஞர், அந்த இரவு நடனத்திலும் அது கண்ணெதிரே ஒளிரும் சந்திரனை அடையாளமாகக் கொள்ளாமல், கண்ணுக்குத் தெரியாத சூரியனையே அடையாளமாகக் கொள்வதைக் கண்டார்.

சாதகக் கட்டத்தை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். சூரியோதயத்தில் பிறந்த குழந்தைக்குச் சூரியன் இலக்கினத்தில் நிற்பான். உச்சிவேளையில் பிறந்தால் பெரும்பாலும் பத்தாம் இடம். நள்ளிரவில் பிறந்த குழந்தைக்கு நான்காம் இடத்தை ஒட்டி நிற்பான். பூமிக்கு அடியில், யார் கண்ணுக்கும் படாமல் இருக்கும் ஆதவனைக் கட்டத்தில் சரியான இடத்தில் எழுதிவைத்த கணிதரும், இருட்டறையில் அதே ஆதவனை நோக்கி ஆடும் தேனீயும் செய்வது ஒரே வகைக் கணக்கு. மறைந்தாலும் அவன் இருக்கிறான், இன்ன இடத்தில் இருக்கிறான் என்ற உறுதியே இரண்டுக்கும் அடிப்படை.

தலைக்கு மேல் நிற்கும் ஆதவன்

லிண்டவர் 1950-களில் இலங்கைக்கு வந்து, நம் பகுதித் தேனீ இனங்களை ஆராய்ந்தார். கிளைகளில் சிறு அடை கட்டும் கொம்புத்தேனீ, கூட்டின் மேல்தளத்தில் நின்று ஆடி, போகவேண்டிய திசையை நேரே சுட்டுகிறது என்று கண்டவர் அவர். வெப்ப மண்டலத்துக்கே உரிய ஒரு சிக்கலையும் அவர் கவனித்தார். நம் நாட்டில் சில நாட்களில் நண்பகல் சூரியன் மிகச் சரியாகத் தலைக்கு மேல் வந்து நிற்கும். அப்போது அது கிழக்கிலும் இல்லை, மேற்கிலும் இல்லை. எத்திசையும் அதற்கு இல்லை. திசைகாட்டியே திசையற்றுப் போனால் தேனீ என்ன செய்யும்? அந்தச் சிறுபொழுதில் அதன் நடனம் திசையிழந்து விடுகிறது. சூரியன் உச்சியைவிட்டுச் சற்றே விலகியதும் நடனம் மீண்டும் ஒழுங்கு பெறுகிறது.

திருவாரூர்ப் பகுதியில் சூரியன் இவ்வாறு உச்சந்தலையில் நிற்கும் காலம் ஆண்டுக்கு இருமுறை வருகிறது: ஏப்ரல் 18-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 24-ஐ ஒட்டியும். நட்டுவைத்த கோலின் நிழல் அன்று நண்பகலில் காலடியிலேயே ஒடுங்கிவிடும். தமிழ் மாதத்தில் சொன்னால் சித்திரை முதல் வாரமும் ஆவணி இரண்டாம் வாரத் தொடக்கமும். சித்திரையில் சூரியன் மேஷத்தில் இருக்கிறான். அது அவனுக்கு உச்ச வீடு. ஆவணியில் சிம்மத்தில் இருக்கிறான். அது அவனுக்கு ஆட்சி வீடு. காவிரிப் படுகையில் வாழ்வோருக்கு, கதிரவன் உச்சம் பெறும் மாதத்திலும் ஆட்சி பெறும் மாதத்திலும் அவன் உண்மையாகவே தலைக்கு மேல் வந்து நிற்பது ஓர் அழகிய ஒற்றுமை. உச்ச வீடு இதனால்தான் வகுக்கப்பட்டது என்று சொல்லத் துணிய வேண்டியதில்லை; ஊரின் வானமும் நூலின் சொல்லும் கைகோக்கும் அழகை இரசித்தால் போதும்.

நம் கோயில்களில் உச்சிக்காலப் பூசை முடிந்ததும் நடை சாத்துகிறார்கள். எல்லா ஒளியும் தலைக்கு மேல் நிற்கும் வேளை அலைவதற்கு உரியதன்று, அடங்கியிருப்பதற்கு உரியது. சித்திரை வெயிலில் யாத்திரை செல்லும் முதியோர், நண்பகலில் மண்டபத்தின் நிழலில் ஓய்ந்திருந்து, நடை திறந்ததும் தரிசித்தலே நன்று.

பூசத்தின் தேன்கூடு

தேனீயின் கணக்கு சூரியனைப் பற்றியது. நட்சத்திரங்களை அது நாடுவதில்லை. எனினும் நட்சத்திரங்களிடையே ஒரு தேன்கூடு உண்டு. கடக இராசியில், பூச நட்சத்திரத்தின் விண்மீன்களுக்கு அருகே, வெறுங்கண்ணுக்கு மங்கிய வெண்புகை போலத் தோன்றும் ஒரு திட்டு இருக்கிறது. கலிலியோ தம் தொலைநோக்கியை அதன்பக்கம் திருப்பியபோது, நாற்பதுக்கும் மேற்பட்ட சிறு விண்மீன்கள் அதில் மொய்த்திருப்பதைக் கண்டார். இன்று அதில் ஏறக்குறைய ஆயிரம் விண்மீன்கள் இருப்பதாக அறிகிறோம். மேலைநாட்டார் அதற்கு இட்ட பெயர் தேன்கூடு.

தைப்பூசத்தன்று முழுநிலவு இந்தத் தேன்கூட்டின் அருகில்தான் நிற்கிறது. தேனும் தினைமாவும் விரும்பி ஏற்கும் முருகப் பெருமானுக்கு உரிய நாளில், நிலவு தேன்கூட்டின் பக்கத்தில் நிற்பதை எண்ணும்போது உள்ளம் இனிக்கிறது. அன்றைய நிலவொளியில் அத்திட்டு மறைந்துவிடும். மாசி, பங்குனி மாதங்களில், அமாவாசையை ஒட்டிய இரவுகளில், ஒன்பது மணியளவில் தலைக்கு மேலே நோக்கினால் தெரியும். நம் கண்பார்வை மங்கியிருக்கலாம். பேரக்குழந்தைகளை மொட்டைமாடிக்கு அழைத்துச் சென்று அவர்களைப் பார்க்கச் சொல்லலாம்.

நாளும் கோளும்

தேனீ சூரியனை நோக்கி ஆடுவதால் சோதிடம் மெய்யென்று அறிவியல் ஒப்புக்கொண்டுவிட்டது எனச் சிலர் பேசக் கேட்கிறோம். அப்படிச் சொல்வது பொருந்தாது. தேனீ வானத்தைக் கொண்டு வழியை அறிகிறது. பலனை அறிவதாக எந்த ஆராய்ச்சியும் கூறவில்லை. ஆனால் அதன் நடத்தையில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. வானத்தின் கோளைக் கண்டு தேனீ அஞ்சுவதில்லை. அக்கோளை அடையாளமாக வைத்துக்கொண்டு தன் கடமையைச் செய்கிறது. கண்டதைத் தன் சுற்றத்துக்குச் சொல்கிறது.

திருக்கோளிலிக்குத் தெற்கே, கடலோரத்தில் உள்ள திருமறைக்காட்டில் நிகழ்ந்ததை அன்பர்கள் அறிவர். பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியாரும் அமைச்சர் குலச்சிறையாரும் அழைத்ததால் சம்பந்தப் பெருமான் மதுரைக்குப் புறப்பட்டார். நாளும் கோளும் நன்றாக இல்லையே என்று அப்பர் பெருமான் தந்தையின் பரிவோடு தடுத்தார். அதற்கு மறுமொழியாகவே ஞானக்குழந்தை கோளறு பதிகத்தைப் பாடியருளியது. கோள்கள் இல்லை என்று அக்குழந்தை மறுக்கவில்லை. ஈசன் உள்ளத்தில் புகுந்தபின் அவை அடியவருக்கு நல்லனவே செய்யும் என்று துணிந்தது. அப்பரின் அக்கறையும் உண்மை, சம்பந்தரின் துணிவும் உண்மை. பெரியவர் எச்சரிக்க வேண்டும். இளையவர் நம்பிக்கையோடு நடக்க வேண்டும். சாதகக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு கலங்கும் ஒவ்வொரு குடும்பமும் இந்த இருவரையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

மூத்த தேனீக்களின் பணி

தேன்கூட்டில் மலர் தேடிப் பறப்பவை எவை என்று கேட்டால் இளந்தேனீக்கள் என்றே எண்ணுவோம். உண்மை நேர்மாறானது. பிறந்த பின் ஏறக்குறைய மூன்று வாரங்கள் தேனீ கூட்டுக்குள்ளேயே பணி செய்கிறது; அறைகளைத் தூய்மை செய்வதும், குஞ்சுகளுக்கு ஊட்டுவதும், மெழுகால் அடை கட்டுவதும், வாயிலைக் காப்பதும் அதன் இளமைக் கடமைகள். வாழ்வின் கடைசிப் பகுதியிலேயே அது வெளியே பறக்கிறது. ஆகவே வழிசொல்லி ஆடுபவை கூட்டின் மூத்த தேனீக்கள்.

2023-ல் சயின்ஸ் என்ற ஆய்விதழில், சீன, அமெரிக்க அறிஞர்கள் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். மூத்த தேனீக்களே இல்லாமல், ஒரே வயதுடைய இளந்தேனீக்களை மட்டும் கொண்டு சில கூடுகளை அமைத்தார்கள். பருவம் வந்ததும் அவையும் ஆடின. ஆனால் பிழைகளோடு ஆடின. நாளாக ஆக, அனுபவத்தால் திசையில் இருந்த பிழை குறைந்தது. தொலைவைச் சொல்வதில் இருந்த பிழையோ வாழ்நாள் முழுவதும் தீரவில்லை. மூத்த தேனீக்களின் ஆட்டத்தைத் தொடர்ந்து தொட்டறிந்து வளர்ந்த இளந்தேனீக்களுக்கு அக்குறை இல்லை. பிறவியிலேயே ஆடத் தெரிந்த உயிருக்கும் மூத்தோரின் துணை தேவைப்படுகிறது. உரிய பருவத்தில் அது கிட்டாவிட்டால், இழந்ததைப் பின்னர் முழுவதும் ஈடுசெய்ய முடிவதில்லை.

வயது முதிர்ந்தபின் வீட்டில் நமக்கென்ன வேலை இருக்கிறது என்று மனம் சோரும் பெரியோர் உண்டு. பிள்ளைகள் தொலைவில் வாழ்கிறார்கள். பேரக்குழந்தைகள் விடுமுறைக்கு மட்டும் வருகிறார்கள். வரும் அந்தச் சில நாட்களில் பிரதோஷம் எது, சஷ்டி எது, கிழக்கு எது, இன்றைய நட்சத்திரம் எது என்று யார் சொல்லித் தருவது? திருவாதிரைக்குக் களி ஏன் செய்கிறோம், கார்த்திகைக்கு விளக்கு ஏன் ஏற்றுகிறோம் என்பவற்றைப் புத்தகத்தில் படிக்கலாம். உடன் நடந்து, கையைப் பிடித்து, சந்நிதியின் முன் நின்று சொல்லும் சொல்லோ வேறு. இளையோர் அதைத் தொட்டறிந்து கற்கிறார்கள். திருக்கோளிலியில் ஒன்பது கோள்களையும் பேத்திக்கு அடையாளம் காட்டிய மூதாட்டி செய்த வழிபாடு, ஒன்பது பரிகாரங்களுக்கும் மேலானது.

தேன்கூட்டைப் போற்றும் ஆலயங்கள்

திருவாரூரைச் சுற்றித் தேனீக்களுக்கு இடமளித்த தலங்கள் பல உள்ளன. சப்தவிடங்க யாத்திரையோடு அவற்றையும் சேர்த்துத் தரிசிக்கலாம்.

கும்பகோணம் செல்லும் சாலையில் உள்ள திருக்கண்ணமங்கை, திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்த திவ்யதேசம். அபிஷேகவல்லித் தாயாருக்கும் பக்தவத்சலப் பெருமாளுக்கும் நடந்த திருக்கல்யாணத்தைக் கண்ட தேவர்கள், என்றும் அக்காட்சியைக் காண விரும்பித் தேனீக்களாக உருக்கொண்டு அங்கேயே தங்கினர் என்பது ஐதிகம். தாயார் சந்நிதியை ஒட்டியுள்ள தேன்கூட்டை அடியார்கள் வணங்குகிறார்கள்.

மயிலாடுதுறை - திருவாரூர் இருப்புப்பாதையில் உள்ள நன்னிலம், சுந்தரர் பாடிய தலம். கோச்செங்கட்சோழர் எழுப்பிய மாடக்கோயில். விருத்திராசுரனுக்கு அஞ்சிய தேவர்கள் இங்கே தேனீக்களாகி ஈசனை வழிபட்டமையால், பெருமான் மதுவனேசுவரர் எனப்படுகிறார். திருத்துறைப்பூண்டிப் பகுதியில் உள்ள சித்தாய்மூர் பொன்வைத்தநாதர் ஆலயத்திலும் தேன்கூட்டுக்குத் தனிச் சிறப்பு உண்டு. அர்த்தசாமப் பூசைக்குக் காலந்தாழ்ந்து வந்த முனிவர் ஒருவர், கதவு அடைத்திருக்கக் கண்டு, தேனீ வடிவெடுத்து உள்ளே புகுந்து வழிபட்டார் என்று அத்தல வரலாறு கூறும்.

இத்தகைய ஐதிகம் உள்ள ஆலயங்களில் தேன்கூட்டை யாரும் கலைப்பதில்லை. மற்ற ஆலயங்களின் நிலை வேறு. கோபுரத்தில் மலைத்தேனீ அடை கட்டினால், திருப்பணியை முன்னிட்டோ அச்சத்தாலோ தீப்பந்தம் கொண்டு எரித்துவிடும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. ஓரிரவில் பல்லாயிரம் உயிர்கள் மடிகின்றன. மலைத்தேனீ ஆண்டு முழுவதும் ஓரிடத்தில் தங்குவதன்று. பருவத்துக்கு வந்து பருவத்தில் பெயர்ந்து செல்வது. சில வாரங்கள் பொறுத்தால் தானே சென்றுவிடும். பொறுக்க இயலாத இடங்களில், தேனீக்களைக் கொல்லாமல் அகற்றத் தெரிந்தவர்களைக் கொண்டு செய்யலாம். அடை தொங்கும் கோபுரத்தின் கீழ் வெடி வெடிப்பதும் புகை எழுப்புவதும் கூடாது. கலைந்தால் அவை கூட்டமாக வந்து கொட்டும், முதியோருக்கும் குழந்தைகளுக்கும் அது உயிருக்கே ஆபத்தாகலாம். சற்று விலகி நின்று வணங்குவதே இருதரப்புக்கும் நலம்.

இன்னொன்றும் நம் கையில் இருக்கிறது. ஒருகாலத்தில் ஒவ்வொரு கோயிலுக்கும் நந்தவனம் இருந்தது. புன்னையும் இலுப்பையும் புங்கமும் பூத்துச் சொரிந்தன. பூச்சிமருந்து படாத மலர்கள் தேனீக்கு அங்கே கிடைத்தன. அபிடேகத்துக்குத் தேனும் கிடைத்தது. நந்தவனம் பாழ்பட்டுக் கிடக்கும் ஊர்களில், பெரியோர் நால்வர் கூடி நாளுக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாலும் அது தளிர்க்கும். வண்டமர் பூங்குழலி என்று அம்பிகையை அழைக்கும் நாம், அவள் கூந்தலில் அமரும் வண்டுக்கு ஒரு பூச்செடியாவது விட்டுவைக்க வேண்டாமா?

யாத்திரை செல்ல விரும்புவோர் திருவாரூரில் தங்கி, முதல் நாள் காலை தியாகேசரையும், ஒரே வரிசையில் நிற்கும் நவகிரகங்களையும் தரிசித்துவிட்டு, திருக்கண்ணமங்கையும் நன்னிலமும் செல்லலாம். மறுநாள் காலை திருக்கோளிலி, அடுத்து திருவாய்மூர், மாலையில் திருமறைக்காடு. நண்பகலில் நடை சாத்தியிருக்கும் என்பதால் காலை தரிசனத்தைப் பத்து, பதினொரு மணிக்குள் முடித்துக்கொள்வது நல்லது. இயன்றால் பேரக்குழந்தை ஒருவரையாவது உடன் அழைத்துச் செல்லுங்கள்.

கோள்களின் குற்றம் தீர்த்த கோளிலிநாதரும் வண்டமர் பூங்குழலியும், இருள் சூழ்ந்த வேளையிலும் ஒளி இருக்கும் திசையை நம் உள்ளத்துக்கு உணர்த்தி, அத்திசையை அடுத்த தலைமுறைக்குக் காட்டும் பேற்றை நம் அனைவருக்கும் அருள்வார்களாக.